இனிப்பு கொடியிலேயே முடிந்துவிடுகிறது: சிறு முலாம்பழங்களை வாங்குவதும் வைப்பதும் வளர்ப்பதும்

பர்மாவின் பெகுவிலிருந்து நீங்கள் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ரங்கூன் சந்தையில் வாங்கும் சிறிய முலாம்பழங்களில் பாதி சப்பென்று இருக்கின்றனவே, நல்லதைப் பார்த்து எடுப்பது எப்படி? மின்சாரம் நிலையாக இல்லாத இந்நாட்களில் அவற்றைக் கெடாமல் வைத்திருப்பது எப்படி? உளுந்து வயலை ஒட்டி வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சிறு நிலத்தில் அவற்றை நாமே வளர்க்க முடியுமா?

மூன்றுக்கும் விடை ஒரே செய்தியிலிருந்து பிறப்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வாழைக்காயும் மாங்காயும் பறித்த பிறகும் தம்மிடம் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொண்டு இனிக்கின்றன. முலாம்பழத்திலும் தர்ப்பூசணியிலும் அப்படிப்பட்ட மாவுச்சத்து இருப்பே கிடையாது. இலைகள் ஆக்கி அனுப்பும் சர்க்கரை கொடி வழியாக வந்தால்தான் உண்டு. முலாம்பழத்தில் அதன் பெரும்பகுதி, பழம் தன் முழு அளவுக்குப் பருத்த பிறகு, பறிப்பதற்கு முந்தைய கடைசிப் பத்துப் பன்னிரண்டு நாட்களில்தான் வந்து சேர்கிறது. அதற்கு முன் பறித்த காயை அரிசிப் பானையில் புதைத்து வைத்தால் அது மென்மையாகும், சிறிது மணம்கூட வரும். இனிப்பு மட்டும் ஏறாது. ஆகவே வாங்கும்போது நாம் பார்க்க வேண்டியது அது கொடியை விட்டுப் பிரிந்த நாளில் எந்த நிலையில் இருந்தது என்பதைத்தான்.

நம் சந்தைகளில் சிறு பழங்கள் என்று கிடைப்பவை பெரும்பாலும் நான்கு வகை. மேல்தோலில் வலை பின்னியது போன்ற சொரசொரப்புள்ள முலாம்பழம், தோல் வழவழப்பாக வெளிறியிருக்கும் ஹனிடியூ வகை, நம் ஊர் ஆட்கள் பல தலைமுறையாகப் போற்றி வரும் வெள்ளரிப்பழம், இரண்டு மூன்று வீசைக்குள் அடங்கும் குட்டித் தர்ப்பூசணி. முதல் மூன்றும் ஒரே இனத்தின் கிளைகள். பழுத்ததும் வெடித்து மாவாகும் வெள்ளரிப்பழத்தைப் பலர் சாலட்டில் அரியும் வெள்ளரிக்காயின் முற்றிய வடிவம் என்று நினைக்கிறார்கள். தாவரவியல்படி அது முலாம்பழத்தின் உடன்பிறப்பு. வெள்ளரிக்காய் வேறு இனம், தர்ப்பூசணி இன்னும் தொலைவான வேறு இனம். விதை எடுத்து வைக்க நினைப்பவர்களுக்கு இந்த வேறுபாடு மிகவும் தேவைப்படும் என்பதால் பிறகு இதற்குத் திரும்பி வருகிறேன்.

வலைத்தோல் முலாம்பழத்தைத் தெரிந்தெடுப்பதுதான் இவற்றுள் எளிது, ஏனென்றால் பழுத்த நாளை அதுவே தன் உடம்பில் குறித்து வைத்திருக்கிறது. பழுக்கும்போது காம்பும் பழமும் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய பிரிவு உண்டாகி, சுற்றிலும் விரிசல் கண்டு, தானாகவே பழம் கழன்றுவிடும். அப்படிக் கழன்ற பழத்தின் தலைப்பக்கத்தில் காம்பு ஒட்டாமல், உட்குழிந்து, ஓரம் சீராக, காசு வைத்து அழுத்தியது போன்ற வட்டத் தழும்பு இருக்கும். காம்புத் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தாலோ, கத்தி பட்ட தட்டையான வெட்டு தெரிந்தாலோ, அதை நாள் ஆகும் முன்பே அறுத்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். அடுத்து, வலைக்கு அடியில் தெரியும் தோலின் நிறத்தைப் பாருங்கள். அது பச்சையாக இருந்தால் வேண்டாம். வைக்கோல் மஞ்சளாக மாறியிருக்க வேண்டும். பூ இருந்த அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் மெதுவாக அழுத்தினால் இம்மியளவு இடம் கொடுக்க வேண்டும், முகர்ந்தால் மணக்க வேண்டும். மணத்தில் புளிப்போ கள் வாடையோ கலந்திருந்தால் பழம் நாள் கடந்துவிட்டது. ஒரே அளவுள்ள இரண்டில் கனமானதை எடுங்கள்.

ஹனிடியூ வகைக்கு இந்தக் காம்புச் சோதனை பொருந்தாது. அது பழுத்தாலும் கொடியை எளிதில் விடாது, எப்போதும் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அதில் பார்க்க வேண்டியது தோல்தான். பச்சை கலந்த வெண்மை போய்ப் பாலாடை நிறம் வந்திருக்கும். கையால் தடவினால் கண்ணாடி வழவழப்பு மறைந்து, மெழுகு பூசியது போன்ற லேசான பிடிப்பு தெரியும்.

தர்ப்பூசணியைத் தட்டிப் பார்க்கும் வழக்கத்தைக் குட்டிப் பழங்களில் நான் நம்புவதில்லை. பழம் சிறியதாக இருந்தாலே ஓசை கணீரென்று உயர்ந்து கேட்கும்; அதைக் காயின் ஓசை என்று தள்ளிவிட்டு, உள்ளே கூழாகிப்போன பழத்தின் மந்தமான ஓசையைப் பழுத்ததற்கு அடையாளமாகக் கொள்பவர்கள் உண்டு. அதைவிட, தரையில் படிந்திருந்த பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அந்தத் திட்டு வெள்ளையாக இருந்தால் காய், வெண்ணெய் மஞ்சளாக இருந்தால் பழம். மேல்தோலின் பளபளப்பு குறைந்து மங்கியிருப்பதும் நல்ல அறிகுறியே. வீட்டுக் கொடியில் பறிப்பவர்களுக்கு இன்னொரு சான்றும் உண்டு: பழக்காம்பு கிளம்பும் அதே கணுவில் உள்ள பற்றுக்கம்பி நுனி முதல் அடி வரை காய்ந்து பழுப்பாகியிருக்கும்.

ரங்கூனில் சப்பென்ற பழங்கள் ஏன் இத்தனை வருகின்றன என்பதற்கும் காரணம் இருக்கிறது. ஐராவதி, சின்ட்வின் ஆறுகளில் வெள்ளம் வடிந்ததும் வெளிப்படும் மணல் திட்டுகளிலும் அவற்றை ஒட்டிய நிலங்களிலும் மாண்டலே, சகாயிங் பகுதி உழவர்கள் தர்ப்பூசணியும் முலாமும் பெருமளவில் பயிரிடுகிறார்கள். அவற்றில் மிகுதியானவை, எல்லை ஊரான மூசே போன்ற வழிகளில் சீனாவுக்குப் போவதற்கென்றே வளர்க்கப்படுபவை. லாரியில் நெடுந்தூரம் குலுங்கிப் போக வேண்டிய பழத்தை முழுதாகப் பழுத்த நிலையில் பறிக்க முடியாது. சற்று முன்னதாகவே அறுப்பார்கள். 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எல்லை வணிகம் தடைப்பட்டபோது நடந்ததைப் போல, அங்கே வழி அடைபடும்போது அந்தப் பழங்கள் உள்நாட்டுச் சந்தைக்குத் திரும்புகின்றன. மலிவாகக் கிடைக்கிறதே என்று இரண்டு கைகளிலும் அள்ளாமல், ரங்கூனின் தெயிஞ்ஜி சந்தையோ உங்கள் ஊர்ச் சந்தையோ, ஒன்றை வாங்கி அங்கேயே வெட்டிப் பார்த்துவிட்டு மேற்கொண்டு வாங்குவதுதான் முறை. ஒரே வயலின் ஒரே நாள் அறுப்பு பெரும்பாலும் ஒரே தரத்தில் இருக்கும்.

இனி வைத்திருப்பது. நன்றாகப் பழுத்த வலைத்தோல் முலாம்பழம் பங்குனி வெயிலில் வெளியே இரண்டு மூன்று நாள்தான் தாங்கும். குளிர்ப்பெட்டி இருந்தால், 2 முதல் 5 டிகிரி வரையிலான குளிரில் ஒரு வாரம் நிற்கும். ஹனிடியூவுக்கு அவ்வளவு குளிர் ஆகாது. 7 முதல் 10 டிகிரி போதும், இரண்டு வாரத்துக்கு மேலும் இருக்கும். முழுத் தர்ப்பூசணியைக் குளிர்ப்பெட்டியில் நாள் கணக்கில் வைப்பது தவறு. 10 முதல் 15 டிகிரி வரைதான் அதற்கு ஏற்றது. அதைவிடக் கடுங்குளிரில் சில நாள் இருந்தால் தோலில் குழிகள் விழும், சதையின் சிவப்பு வெளுக்கும், சுவையும் கெடும். மின்சாரம் அடிக்கடி போய் வரும் வீட்டுக்கு இது ஒருவகையில் நல்ல செய்திதான், ஏனெனில் முழுத் தர்ப்பூசணிக்கு நிழலும் காற்றோட்டமும் உள்ள சிமெண்டுத் தரையே போதும். வைக்கோல் பரப்பி, ஒன்றையொன்று தொடாமல் வைத்தால் ஒரு வாரம் பத்து நாள் நன்றாக இருக்கும். உண்பதற்குச் சில மணி நேரம் முன்பு குளிரவைத்துக்கொண்டால் போதும்.

அந்தத் தரையில் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதும் கவனிக்க வேண்டியது. பழுக்கும் வாழைத்தார், மாம்பழம், முலாம்பழம் ஆகியவை எத்திலீன் என்ற வாயுவை வெளிவிடுகின்றன. அது தர்ப்பூசணியின் சதையைத் தளரச் செய்து, கூழாகவும் நீராகவும் ஆக்கிவிடும். சாமி அறையில் எல்லாப் பழங்களையும் ஒரே தாம்பாளத்தில் ஒரு வேளைக்கு வைப்பதால் ஒன்றும் ஆகாது. ஒரு வாரம் ஒரே மூலையில் குவித்து வைத்தால்தான் கேடு. வெள்ளரிப்பழத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது சிறிதே: வெடிப்பு கண்ட அன்றோ மறுநாளோ உண்டுவிட வேண்டும். பகான் பக்கத்துப் பனைவெல்லத்தைத் தூளாக்கித் தூவிப் பிசைந்தால் அதற்கு ஈடு கிடையாது.

வெட்டிய பழத்தில் எச்சரிக்கை மிகவும் தேவை. எலுமிச்சையைப் போன்ற புளிப்பு முலாம்பழத்தில் இல்லை. புளிப்பில்லாத, ஈரமான, இனிப்பான சதை கிருமிகளுக்கு நல்ல விளைநிலம். தோலின் வலைப்பின்னலில் மண்ணும் கிருமியும் தங்கியிருக்கும். கத்தி தோலைக் கடக்கும்போது அவற்றைச் சதைக்குள் இழுத்துச் செல்கிறது. 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவில், கொலராடோ மாநிலப் பண்ணை ஒன்றின் முலாம்பழங்களில் இருந்த லிஸ்டீரியா கிருமியால் 33 பேர் இறந்தார்கள். ஆகையால் தோலை உரிக்கப் போகிறோமே என்று எண்ணாமல், ஓடும் தண்ணீரில் தூரிகையால் தேய்த்துக் கழுவி, துடைத்த பிறகே வெட்டுங்கள். வெட்டியதை இரண்டு மணி நேரத்துக்குள் உண்ணுங்கள், அல்லது மூடிக் குளிரில் வையுங்கள். குளிர்ப்பெட்டியில் இருந்தாலும் மூன்று நாளுக்கு மேல் வேண்டாம். இரவெல்லாம் மின்சாரம் இல்லாமல் பெட்டிக்குள் இருந்த துண்டுகளைக் காலையில் குழந்தைகளுக்கோ கருவுற்ற பெண்களுக்கோ கொடுக்காதீர்கள். சித்திரையில், தண்ணீர்த் திருவிழாவும் நம் புத்தாண்டும் சேர்ந்து வரும் நாட்களில், கோயிலில் பழம் அரிந்து கொடுப்பவர்கள் எல்லாவற்றையும் விடியற்காலையிலேயே அரிந்து வைக்காமல், பந்தி வருகிறபடி அரிவது நல்லது.

வளர்ப்பதைப் பற்றிய உங்கள் கேள்விக்குத் தயங்காமல் சொல்கிறேன்: பெகுவில் முடியும், ஆனால் காலம் தவறக் கூடாது. மழைக்காலத்தில் முலாம் வைத்தால் இலை அழுகும், பூவில் தேனீ இறங்காது, பழம் வெறும் தண்ணீராக இருக்கும். சித்திரையில் தொடங்கும் கோடை மழைக்குள்ளும் அறுவடை முடிந்திருக்க வேண்டும், ஏனெனில் பழுக்கும் நாளில் பெய்யும் ஒரு பெருமழை பழத்தை வெடிக்கச் செய்துவிடும். ஆக, மழை ஓய்ந்து கார்த்திகை பிறந்ததும், நவம்பர் நடுவில், மண்ணில் வெப்பம் இன்னும் இருக்கும்போதே விதைக்க வேண்டும். மண் 18 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் விதை முளைக்கச் சுணங்கும். 25 முதல் 30 டிகிரி வரை இருந்தால் ஒரு வாரத்துக்குள் முளை தெரியும். மார்கழி வரை தள்ளிப்போட்டால் குளிர்ந்த இரவுகளில் நாற்று நின்றுவிடும்.

நெல் விளைந்த களிமண் இதற்கு அப்படியே உதவாது. ஒரு முழம் அகலத்துக்குக் குழி எடுத்து, ஆற்று மணலும் நன்றாக மக்கிய தொழு எருவும் கலந்து நிரப்பி, தரைமட்டத்துக்கு மேல் முக்கால் அடி உயரத்துக்கு மேடாக்குங்கள். விறகுச் சாம்பல் ஒரு கைப்பிடி சேர்க்கலாம். ஆனால் பச்சைச் சாணத்தோடும் யூரியாவோடும் சாம்பலைக் கலக்கக் கூடாது, தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். இந்த இனங்களின் வேர் அசைவைப் பொறுக்காது என்பதால் நேரடியாக விதைப்பதே மேல். சிறு பைகளில் நாற்று விட்டால், இரண்டு இலை விட்டவுடன் மண் உதிராமல் எடுத்து நட்டுவிடுங்கள். தரையில் படரவிட்டால் கொடிக்குக் கொடி மூன்று நான்கு அடி; மூங்கில் பந்தலில் ஏற்றினால் இரண்டடி போதும். இடம் குறைவாக இருப்பவர்களுக்குப் பந்தலே நல்லது என்பது என் கருத்து. இலை காற்றில் உலர்ந்து நிற்கும், நோய் குறையும், பழமும் மண்ணில் படாது.

முலாம்பழத்துக்கு நுனி கிள்ளுவது முக்கியம். நடுக்கொடியில் பெரும்பாலும் ஆண் பூதான் வரும். பிஞ்சு பிடிக்கும் பூக்கள் பக்கக் கிளைகளின் முதல், இரண்டாம் கணுக்களில் பூக்கின்றன. நடுக்கொடி ஐந்து இலை விட்டதும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் விரைவில் கிளம்பும். தர்ப்பூசணிக்கு இப்படிக் கிள்ள வேண்டியதில்லை.

முதலில் வரும் பூக்கள் எல்லாம் உதிர்கின்றனவே என்று கவலைப்படாதீர்கள், அவை ஆண் பூக்கள். பிஞ்சுப் பூவை அடியில் உள்ள சிறு வீக்கத்தைக் கொண்டு அடையாளம் காணலாம். அதில் மெல்லிய பூனைமயிர் போன்ற ரோமம் படர்ந்திருக்கும். அந்தப் பூ ஒரு காலைப்பொழுதுக்கு மட்டுமே திறந்திருக்கிறது. தேனீக்கள் பலமுறை வந்து போனால்தான் விதைகள் நிறைந்து, பழம் கோணாமல் உருளும். பக்கத்து உளுந்து வயலில் மருந்து அடிக்கும் நாட்களில் தேனீ வராது. அப்போது அன்று விரிந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களைக் கிள்ளி எறிந்துவிட்டு, நடுவிலுள்ள மகரந்தத்தைப் பிஞ்சுப் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிட வேண்டும். தடவிய பூவின் காம்பில் தேதி எழுதிய ஒரு துணுக்கை நூலால் கட்டி வையுங்கள். வலைத்தோல் முலாம் அந்தத் தேதியிலிருந்து 35 முதல் 45 நாளுக்குள் பழுக்கும். அந்தத் துணுக்கு இருந்தால் எதையும் அவசரப்பட்டுப் பறிக்க மாட்டீர்கள். ஒரு கொடிக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று பிஞ்சு போதும். மற்றவற்றைக் கிள்ளிவிடுவது மனத்துக்குக் கஷ்டமாக இருக்கும், ஆனால் ஆறு பழத்துக்குப் பங்கிட்டால் ஆறுமே சப்பென்று போகும். பந்தலில் தொங்கும் பழத்தை வெங்காய வலைப்பையில் ஏந்திக் கட்டுங்கள், இல்லையென்றால் கழலும் நாளில் கீழே விழுந்து உடையும்.

இலைகளைக் கடைசி நாள் வரை பச்சையாக வைத்திருப்பதுதான் இந்தப் பயிரின் உயிர்நாடி. பழம் பருத்த பிறகு இலை கருகினால், பார்வைக்கு அழகான, சுவையற்ற பழம்தான் கிடைக்கும். பெகுவின் தை மாதப் பனியில் இலை நரம்புகளுக்கு நடுவே கோணல் கோணலான மஞ்சள் திட்டுகள் தெரிந்தால் அது அடிச்சாம்பல் நோய். நோய் கண்ட இலைகளை எடுத்துவிட்டு, இலையில் படாமல் வேரில் மட்டும் காலையில் நீர் விடுங்கள். இலைமேல் வெள்ளை மாவு பூத்தால் அது சாம்பல் நோய். 1999இல் பிரேசிலில் சுக்கினி என்ற பூசணி வகையில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு, ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து வாரம் ஒருமுறை தெளித்தால் இந்நோய் நன்கு கட்டுப்படுவதைக் காட்டியது. வீட்டுத் தோட்டத்துக்கு இதையே நான் பரிந்துரைப்பேன். கந்தகத் தூளைத் தெளிக்கச் சொல்வார்கள். முலாம் வகைகள் சிலவற்றின் இலையை அது வெயிலில் பொசுக்கிவிடும் என்பதால் தவிர்ப்பது நல்லது. நாற்றுப் பருவத்தில் இலையை ஓட்டை போடும் சிவப்பு வண்டுகளை, அவை சோம்பியிருக்கும் விடியற்காலையில் கையால் பிடித்துச் சோப்புத் தண்ணீரில் போடலாம். இலைமேல் சாம்பல் தூவுவதும் உதவும்.

பழ ஈ இவற்றைவிடப் பெரிய பகை. பிஞ்சின் தோலில் ஊசி குத்தியது போன்ற புள்ளியும், அதன்மேல் பளபளக்கும் ஒரு துளிப் பிசினும் தெரிந்தால், உள்ளே முட்டை இட்டாயிற்று. அதற்கு மேல் எந்த மருந்தும் பயன்படாது. பிஞ்சு எலுமிச்சை அளவு வருவதற்குள் காகிதப் பையால் மூடி, காம்பருகே இறுக்கிக் கட்டிவிட்டால் ஈ அணுகாது. குத்துப்பட்டவற்றை எருக்குழியில் வீசாமல், கறுப்புப் பாலித்தீன் பையில் கட்டி வெயிலில் போட்டுப் புழுக்களைக் கொன்றுவிடுங்கள்.

பறிப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து நீரைக் குறைத்தால் சுவை திரளும். இலை வாடித் துவளும் அளவுக்குக் குறைக்கக் கூடாது. காயவிட்டுத் திடீரென்று நிறைய விட்டாலும் பழம் வெடிக்கும். வலைத்தோல் முலாமில், காம்பைச் சுற்றி விரிசல் முழு வட்டமாக ஓடிய நாளின் விடியற்காலையில், வெயில் ஏறுமுன் பறியுங்கள். சூடேறிய பழம் விரைவில் தளரும்.

விதைக்கு வருகிறேன். வெள்ளரிக்காய்ப் பந்தலுக்கு அருகில் முலாம் வைத்தால் பழம் சப்பென்று ஆகிவிடும் என்று பெகு வட்டாரத்தில் பெரியவர்கள் சொல்வதுண்டு. இரண்டும் வெவ்வேறு இனம் என்பதால் அவை கலப்பதில்லை. கலந்தாலும் அந்த ஆண்டுப் பழத்தின் சுவை மாறாது. சுவை குறைந்ததற்கு நோயுற்ற இலையோ, மிகுந்த நீரோ, முந்திப் பறித்ததோ காரணமாக இருக்கும். ஆனால் வெள்ளரிப்பழமும் முலாமும் ஒரே இனம் என்பதால் அவை தாராளமாகக் கலக்கும், அதன் விளைவு அடுத்த ஆண்டு விதையில் தெரியும். உங்கள் வீட்டில் தலைமுறையாக வரும் வெள்ளரிப்பழ விதை இருந்தால், முலாமைப் பக்கத்தில் வைக்கும் ஆண்டில் சில பூக்களைக் காக்க வேண்டும். மறுநாள் விரியப்போகும் பிஞ்சுப் பூவையும் ஆண் பூவையும் முதல் நாள் மாலையே நூலால் கட்டி வைத்து, காலையில் அவிழ்த்து, கையால் மகரந்தம் தடவி, மீண்டும் கட்டிவிடுங்கள். அந்தப் பழத்தை மட்டும் விதைக்கு விடுங்கள். கடையில் வாங்கிய கலப்பின முலாமின் விதை தாயைப் போல் வராது; அதை ஒவ்வோர் ஆண்டும் புதிதாகத்தான் வாங்க வேண்டும். எடுத்த விதையைச் சதையோடு ஒரு நாள் ஊறவிட்டு, அலசி, மிதப்பவற்றை நீக்கி, நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, ஈரம் புகாத புட்டியில் வைத்தால் நான்கைந்து ஆண்டுகள் முளைப்புத் திறன் இருக்கும்.

எந்தக் கொடியின் பழமாவது வெட்டியதும் கசந்தால் அதை உண்ண வேண்டாம், அதன் விதையையும் வைக்க வேண்டாம். அந்தக் கசப்பு குக்குர்பிட்டசின் என்ற நச்சுப்பொருளால் வருவது; சர்க்கரை சேர்த்தாலும் வேகவைத்தாலும் அது போகாது.